பாண்டா சொன்ன பனிக்காலம்

1

போன வருடத்துக்கு முந்தின வருடம் செப்டம்பரில் ஒரு மாலை, பக்கத்து வீட்டு டொரீன் அம்மையார் ஊறுகாய் பாட்டில் ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்து எங்கள் கதவைத் தட்டினார். பாட்டிலுக்குள் ஊறுகாய் இல்லை. கருப்பு உடம்பின் நடுவே பழுப்புப் பட்டை போட்ட ஒரு கம்பளிப்பூச்சி இருந்தது.

நான் தங்கச்சிமடத்துக்காரி. எங்கள் வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சி அடைந்தால் கம்பு நுனியில் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, கொளுத்திக் காட்டுவோம். அதைப் பாட்டிலில் போட்டு, மூடியில் காற்றுக்கு ஓட்டையும் குத்தி, சாப்பிட இலையும் வைத்து ஊர்வலம் கொண்டுவருவதை அன்றுதான் பார்த்தேன்.

"இதன் நடுப்பட்டையைப் பார், ஸ்டெல்லா" என்றார் டொரீன். "பழுப்பு அகலமாக இருந்தால் பனிக்காலம் சாதுவாகப் போகும். கருப்பு அதிகமென்றால் கொடுமை. எனக்குப் பழுப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் என் கண்ணை நம்ப முடியாது. உன் கணவரைக் கூப்பிடு."

டொரீனுக்கு எண்பது வயதிருக்கும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கனடாவின் கோதுமைப் பிரதேசத்தில் உள்ள இந்தச் சிறிய ஊரில், நாங்கள் குடியேறிய முதல் நாளே ஆப்பிள் கேக்கோடு வந்து நின்றவர். இங்கே நவம்பரில் தரையை மூடும் பனி ஏப்ரலில்தான் விலகும். மேகத்தைப் படம்பிடிக்கச் செயற்கைக்கோள் உண்டு, மணிக்கொரு தரம் வானிலை சொல்லும் தொலைக்காட்சி உண்டு. ஆனாலும் செப்டம்பர் வந்தால் ஊரே குனிந்து புல்லில் கம்பளிப்பூச்சி தேடும். குளவி உயரத்தில் கூடு கட்டினால் பனி உயரமாக விழும். அணில் கொட்டைகளை அவசரமாகப் புதைத்தால் குளிர் சீக்கிரம் வரும். நம் ஊரில் காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார் என்று சொன்னதற்காக ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் நம்மை என்னவெல்லாம் சொன்னார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

என் கணவர் பாண்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பூச்சியைப் பார்த்தார். "பாதிக்குப் பாதி" என்றார். அவர் டிராக்டர் விற்கும் கடையில் கணக்கு எழுதுகிறவர். எதைப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் சமமாக வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"உங்கள் ஊரில் எதைப் பார்த்துச் சொல்வீர்கள், பாண்டா?" என்று கேட்டார் டொரீன்.

பாண்டி என்ற பெயர் இந்த ஊருக்கு வந்த ஒரே வாரத்தில் பாண்டா ஆகிவிட்டது. திருத்தித் திருத்தி ஓய்ந்துபோய், இப்போது தொலைபேசியில் அவரே "பாண்டா பேசுகிறேன்" என்கிறார்.

கேட்டவரிடம் "தெரியாது" என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்த பெரியவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "எறும்பைப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டார்.

2

டொரீன் ஊர் நூலகக் குழுவில் உறுப்பினர். இரண்டே நாளில் நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஊரில் வாழும் பல்வேறு பண்பாட்டினரின் பாரம்பரிய அறிவைப் போற்றும் வாரம் கொண்டாடுகிறார்களாம். பல்வேறு பண்பாட்டினர் என்பது நாங்கள்தான். பெட்ரோல் பங்க் வைத்திருந்த பஞ்சாபிக் குடும்பம் அதற்கு முந்தைய வருடமே ஊரைவிட்டுப் போய்விட்டது.

கூடவே ஒரு விண்ணப்பமும் இருந்தது. தங்களுடைய அறிவு எத்தகையது என்ற கட்டத்தில் பாண்டி "வணிகவியல்" என்று எழுதி அனுப்பினார். மிகுந்த மரியாதையோடு திருப்பி அனுப்பினார்கள். அது எங்களிடமே இருக்கிறது, உங்களுடையதை எழுதுங்கள் என்று குறிப்பு வைத்திருந்தார்கள்.

அவருடையது என்று என்ன இருக்கிறது? முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் என்பது உண்மை. ஆனால் அவருடைய அப்பா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர். பிள்ளையைச் சின்ன வயதிலேயே ராமநாதபுரத்தில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். ஏர்க்கலப்பையை என் கணவர் பொங்கல் வாழ்த்து அட்டையில்தான் அதிகம் பார்த்திருக்கிறார். எங்களுடையது காதல் கல்யாணம். ஒரு தடவை என் அப்பாவோடு, நாங்கள் அய்யா என்போம், வள்ளத்தில் ஏறி, பாம்பன் பாலத்தைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துக் கரைக்குத் திரும்பியவர். அவருக்கு நிலமும் தெரியாது, நீரும் தெரியாது.

முதுகுளத்தூரில் இருக்கும் அண்ணன் வேலுச்சாமிக்குப் போன் போட்டார். அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். ஊரில் கொஞ்சம் மிளகாய்க் காடும் உண்டு.

"அண்ணே, மழைக்குக் குறி பாப்பாகள்ல, எறும்பு, தட்டான்... அதெல்லாம் எப்படிண்ணே?"

"ஏலே, எனக்கு என்னடா தெரியும்? என் கடையில சீனி டப்பாவுலதான் எறும்பு ஊருது. நானே ஒன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். அங்கன பெரிய பெரிய கம்ப்யூட்டரெல்லாம் வச்சிருக்காய்ங்கள்ல? இங்க என்னைக்கு மழைன்னு பாத்துச் சொல்லு. மொளகா போடணும்."

"அங்க இருக்க போன்லயே வருமேண்ணே."

"இங்க உள்ளவன் சொன்னா எவன் நம்புறான்? நீ சொல்லு. கனடாவுல சொல்லிட்டாகன்னா ஊரே வெதைக்கும்."

பாண்டி தன் கைபேசியைத் தட்டிப் பார்த்து, அடுத்த வியாழக்கிழமை முதுகுளத்தூரில் மழை என்றார். அதற்குக் கைம்மாறாக அண்ணன் ஒரு வாட்ஸப் செய்தியை அனுப்பிவைத்தார். யாரோ யாருக்கோ அனுப்பி, கைமாறிக் கைமாறி வந்தது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டை ஏறினால் மழை, தட்டான் தாழப் பறந்தால் மழை, அந்தியில் ஈசல் பூத்தால் அடைமழை. கடைசியில், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும் என்று போட்டிருந்தது.

நானும் என் பங்குக்கு அய்யாவிடம் கேட்டேன். அவர் அறுபது வயதுவரை கடலுக்குப் போனவர்.

"புயல் கூண்டு ஏத்திருக்காக. கடலுக்குப் போக டோக்கன் குடுக்கல. எல்லாப் பயலும் கரையில கெடக்குறாய்ங்க" என்றார்.

"கூண்டை விடுங்கய்யா. அந்தக் காலத்துல எதைப் பாத்து வாடைக்காத்து வரும்னு சொல்லுவீக?"

"தண்ணி கலங்குனா காத்து வரும்பாக. காத்தடிச்சா தண்ணி கலங்கத்தானம்மா செய்யும்? மழை பேஞ்சு முடிஞ்ச பெறகுதான் ஆளாளுக்கு, நான் அப்பவே நெனச்சேன், கொக்கு அப்படிப் பறந்துச்சு, மேகம் இப்படிக் கெடந்துச்சுன்னு சொல்லுவாய்ங்க. கரைக்கு வந்தாத்தான் எல்லாக் குறியும் ஞாபகத்துக்கு வரும்."

இதை நூலகத்தில் சொல்லச் சொன்னேன். பாண்டி மறுத்துவிட்டார். "இதச் சொன்னா எனக்கு யாரு கை தட்டுவா?" என்றார்.

3

கை தட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள்.

எங்கள் மகள் மலருக்கு அப்போது பதினான்கு வயது. அவளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதே பெரிய பாடு. பள்ளிக்கூட வாசலில் எங்கள் கார் நிற்பதைக்கூட விரும்பாத வயது. அப்பா ஆங்கிலத்தில் பேசினால் தரையைப் பார்ப்பாள். தமிழில் பேசினால் வேறு திசையைப் பார்ப்பாள். அன்று கடைசி வரிசையில் தலையை மூடிய சட்டைக்குள் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாண்டி வேட்டி கட்டி மேடை ஏறினார். வாட்ஸப் செய்தியில் இருந்ததை முதலில் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார். "தட்டான் தாழப் பறந்தால்" என்று அவர் கையைத் தாழ்த்தியபோது முன்வரிசைப் பெண்மணி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேள்வி நேரத்தில் டொரீன் எழுந்து, "இந்தப் பனிக்காலம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

மேடையில் நிற்கிற ஆளுக்குத் தெரியாது என்ற சொல் எங்கே போகும் என்று தெரியவில்லை. பாண்டி கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். "உங்கள் எறும்புகள் இன்னும் மேடு ஏறவில்லை. சாதுவாகத்தான் இருக்கும்" என்றார்.

மறுநாள் ஊர்ப் பத்திரிகையில் வேட்டியோடு படம் வந்தது. 'பாண்டா சொல்கிறார்: பனி சாது.' கடைக்குப் போனால் ஆட்கள் அவரை நிறுத்தித் தங்கள் வீட்டு எறும்புகளைப் பற்றிச் சொன்னார்கள். டிராக்டர் கடை முதலாளி கணக்கு நோட்டை மூடச் சொல்லிவிட்டு, பனி தள்ளும் இயந்திரம் எத்தனை வாங்கி வைக்கலாம் என்று அவரிடம் ஆலோசனை கேட்டார்.

அதையெல்லாம்கூட நான் சிரித்துத் தள்ளியிருப்பேன். ஆனால் மலர் மாறிவிட்டாள். பள்ளியில் யாரோ அவளிடம், "பாண்டாவின் மகள் நீயா?" என்று வியந்து கேட்டிருக்கிறார்கள். அன்று மாலை அவளாக வந்து அப்பாவோடு தோட்டத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"அப்பா, ஆன்ட்டுக்கு தமிழ்ல என்ன?"

"எறும்பு."

"எரும்பு."

"ரு இல்ல, று. அழுத்திச் சொல்லு."

"எறும்பு மேல போறான்."

"போறான் இல்லடா, போகுது."

பல வருடங்களாக நான் கெஞ்சியும் வராத தமிழ், ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு வந்து என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி நின்றேன்.

4

நவம்பர் பிறந்ததும் ஒரு விஷயம் தெரிந்தது. வழக்கமாக டொரீன் பனிக்காலத்தை நகரத்தில் மகள் லிண்டாவின் வீட்டில் கழிப்பார். ஒவ்வொரு வருடமும் முதல் பனிக்கு முன்னால் லிண்டா வந்து காரில் அழைத்துப் போவாள். இந்த வருடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "சாதுவான பனிக்காலத்துக்கு எதற்கு ஊரைவிட்டுப் போக வேண்டும்? பாண்டா சொல்லியிருக்கிறாரே" என்றார் என்னிடம்.

நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறவள். எண்பது வயதில், தனி வீட்டில், இந்த ஊர்க் குளிரில் ஒரு தடவை கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பாண்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க, போயி உண்மையச் சொல்லிட்டு வாங்க. வாட்ஸப்ல வந்துச்சுன்னு சொல்லுங்க."

"மலரு காதுல விழுந்துரும், மெதுவாப் பேசு."

"அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது புள்ள. எறும்பு நெசமாவே மேல ஏறல. நான் தெனமும் பாக்குறேன்ல."

மனிதர் தான் சொன்னதைத் தானே நம்ப ஆரம்பித்திருந்தார்.

நானே டொரீனிடம் போனேன். என் கணவருக்கு வானிலை பற்றி எதுவும் தெரியாது, அவர் கணக்கு எழுதுகிறவர், நீங்கள் மகள் வீட்டுக்குப் போய்விடுங்கள் என்று நேராகச் சொன்னேன். டொரீன் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "உங்கள் பண்பாட்டின் அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஸ்டெல்லா" என்றார்.

முதுகுளத்தூரில் அந்த வியாழக்கிழமை செப்டம்பரிலேயே வந்து போயிருந்தது. கனடா சொல்லிவிட்டது என்று பலரும் மிளகாய் விதைத்திருந்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை. பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த பாண்டி, நவம்பர் கடைசியில்தான் அண்ணனுக்குப் போன் போட்டார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளி நல்ல மழை அடித்து, விதை முளைத்திருந்தது.

"ஒண்ணும் வெசனப்படாதடா" என்றார் வேலுச்சாமி அண்ணன். "அம்புட்டுத் தூரத்துல இருந்து வர்றதுல்ல, மழை லேட்டாகத்தான் செய்யும்னு சொல்லிட்டேன். எல்லாரும் சரின்டாய்ங்க. ஆமா, அங்கன எப்படி?"

"பனிதாண்ணே."

"இங்கயும் பனிதான்டா. காலையில துண்டு கட்டாம வெளிய போக முடியல. மூக்கு ஒழுகுது."

5

டிசம்பர் முதல் வாரத்தில் பனிப்புயல் வந்தது. இந்த ஊர்ப் பெரியவர்களே இப்படிப் பார்த்து நாளாகிவிட்டது என்று சொன்ன புயல். மதியத்துக்கெல்லாம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். எனக்கு அன்று விடுமுறை. பாண்டியும் கடையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். சிறிது நேரத்தில் மின்சாரம் போனது, பிறகு தொலைபேசி போனது. வெளியே வெள்ளைச் சுவர். பகல்தான், ஆனால் எதிரே நீட்டிய கை தெரியவில்லை.

எங்கள் வீட்டில் பழைய விறகு அடுப்பு ஒன்று இருக்கிறது. டொரீன் வீட்டில் எல்லாமே மின்சாரம்.

பாண்டி கோட்டை மாட்டிக்கொண்டார். நான் காரை இழுக்கும் கயிற்றையும் துணி காயப்போடும் கயிற்றையும் சேர்த்து முடிந்தேன். அய்யா நங்கூரத்துக்குப் போடும் முடிச்சு அது, இழுக்க இழுக்க இறுகும். ஒரு முனையை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையை வாசல் தூணில் சுற்றினேன்.

"நானும் போறேன்" என்று மலர் முன்னால் வந்தாள்.

"நீ கயித்தப் பிடி. அப்பா ரெண்டு தடவ இழுத்தா, நாம இழுக்கணும்."

இரண்டடி போனதுமே ஆள் மறைந்துவிட்டார். கயிறு எங்கள் கையுறைக்குள் மெல்ல வழுகிப் போய்க்கொண்டிருந்தது. பிறகு நின்றது. நின்றபடியே இருந்தது. பக்கத்து வீட்டுக்கு இருபது எட்டு வைத்தால் போதும். அவ்வளவு தூரத்துக்கு இத்தனை நேரமா? மலரின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மாதாவே, மாதாவே என்று நான் முனகிக்கொண்டிருந்தேன். அவளும் என்னோடு சேர்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில் "மாதா வா, மாதா வா" என்றாள்.

கயிறு இரண்டு தடவை வெட்டியது. இழுத்தோம்.

போர்வை சுற்றிய மூட்டையாக டொரீன் வந்தார். குளிர்ந்துபோன சமையலறையில் கோட்டோடு உட்கார்ந்திருந்தாராம். விரல்கள் நீலமாக இருந்தன. அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்து, வெதுவெதுப்பான துணி சுற்றி, சீனி நிறையப் போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். மெல்ல நிறம் திரும்பியது.

பாண்டி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "எனக்கு எறும்பு பற்றி எதுவும் தெரியாது. எல்லாம் கைபேசியில் வந்த செய்தி. நான் சொன்னது பொய்" என்றார். மலர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

டொரீன் டீயை உறிஞ்சினார். "எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"நாற்பது வருடம் விஞ்ஞானம் நடத்தியிருக்கிறேன், பாண்டா. எறும்பு சொல்லுமா? கம்பளிப்பூச்சிதான் சொல்லுமா? லிண்டா வீட்டுக்குப் போனால் அவள் என்னைப் பீங்கான் பொம்மை மாதிரி வைத்துக்கொள்வாள். எழுந்தால் ஏன் எழுந்தாய், உட்கார்ந்தால் ஏன் உட்கார்ந்தாய். என் வீட்டில் இருக்க எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. நீங்கள் வேட்டி கட்டிக்கொண்டு வந்து கொடுத்தீர்கள்."

மலர் முதலில் சிரித்தாள். பிறகு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பனி உருகி நனைந்திருந்த அவர் தலையைத் துடைத்துவிட்டாள்.

6

சாலையைத் திறந்ததும் லிண்டா வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், வங்கி அதிகாரி. வாசலிலேயே கத்தினாள். "யார் அந்தப் பாண்டா? என் அம்மாவைச் சாகடிக்கப் பார்த்த ஆள் யார்?" பாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மாவும் மகளும் எங்கள் வரவேற்பறையில் நின்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். டொரீன் அசையவில்லை. தோற்றுப்போய் காருக்குத் திரும்பும்போது லிண்டா பாண்டியைத் தனியாகக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அடுத்த வருடம் கடுமை என்று சொல்லிவிடுங்களேன். தயவுசெய்து" என்றாள்.

ஊர் அவரைத் திட்டும் என்று எதிர்பார்த்தோம். யாரும் திட்டவில்லை. புயலுக்குப் பிறகு ஜனவரியில் சில நாட்கள் வெயில் அடித்ததல்லவா, சராசரியாகப் பார்த்தால் பாண்டா சொன்னது சரிதான் என்று நூலகக் குழு தீர்மானமே நிறைவேற்றியது. அடுத்த ஆண்டும் அவரே பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டது.

அடுத்த செப்டம்பர் வந்தது. டொரீன் பிஸ்கட் சுட்டு எடுத்துவந்து, "சாது என்று சொல்லுங்கள்" என்றார். லிண்டா போனில் "கடுமை" என்றாள். டிராக்டர் கடை முதலாளி, பனி தள்ளும் இயந்திரம் கையிருப்பு நிறைய இருப்பதாகச் சாடையாகச் சொன்னார். பாண்டி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"அப்பா, தெரியாதுன்னு சொல்லுங்க" என்றாள் மலர். "அவ்ளோதான்."

வேட்டி கட்டவில்லை. அலுவலகத்துக்குப் போகும் சட்டையோடு மேடை ஏறி, "இந்தப் பனிக்காலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. போன வருடமும் தெரியாது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஒருவரும் கை தட்டவில்லை.

மறுநாள் பத்திரிகையில் 'பாண்டா வாய் திறக்க மறுக்கிறார்' என்று வந்தது. மாலைக்குள் ஊர்க் கடைகளில் பனி அள்ளும் மண்வெட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பனி உருகத் தரையில் தூவும் உப்புக்கு வரிசை நின்றது. இயந்திரம் எல்லாம் விற்றுத் தீர்ந்த மகிழ்ச்சியில் முதலாளி பாண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அன்று டொரீன் முகம் வெளிறிப்போய் வந்தார். போன வருடம் விரல்கள் நீலமானது நாற்பது வருட விஞ்ஞானத்தைவிடப் பெரிய பாடமாகியிருந்தது. "அவ்வளவு மோசமாகவா வரப்போகிறது, பாண்டா?"

"நெசமாவே தெரியாது" என்று பதற்றத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டார் பாண்டி. அது டொரீனை இன்னும் பயமுறுத்தியது. நேரே வீட்டுக்குப் போய் மகளுக்குப் போன் போட்டார். நான் அங்கே வர மாட்டேன், ஆனால் நீ இங்கே வா என்றார். இத்தனை வருடத்தில் அம்மா கேட்ட முதல் உதவி. லிண்டா மடிக்கணினியோடும் இரண்டு பெட்டிகளோடும் வந்து இறங்கினாள்.

இது ஜனவரி. வெளியே புல் தெரிகிறது. இந்த ஊரில் இப்படி ஒரு பனிக்காலத்தை யாரும் கண்டதில்லையாம். பக்கத்து வீட்டில் சூட்டைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும், ஜன்னலைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் தினமும் சண்டை. சாப்பாட்டு மேசையில் லிண்டாவின் கணினி இருப்பதால் டொரீன் ஹாலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். லிண்டா ஊருக்குத் திரும்பலாம் என்றால் பனி இனிமேல் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். டொரீன் போகச் சொல்லலாம் என்றால் அவருக்கும் அதே பயம்.

நேற்று மாலை இருவரும் சேர்ந்து வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். இருவர் முகத்திலும் கோபம். இப்படி ஒரு மோசமான ஜோசியக்காரனை நாங்கள் பார்த்ததே இல்லை, ஒன்று சரியாகச் சொல்ல வேண்டும், இல்லை தெளிவாகத் தப்பாகவாவது சொல்ல வேண்டும் என்று மாறி மாறித் திட்டினார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துக் கொடுத்தார். இருவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. திட்டி முடித்துவிட்டு இறங்கி நடந்தார்கள்.

பாண்டி கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"படி எறங்கும்போது அந்தம்மா மக கையப் பிடிச்சுக்கிட்டுப் போச்சு, பாத்தியா?" என்றார்.